ரயில் ஓடாத பாதையில் ஊரே ஓடுகிறது!

பாதியில் நின்றுபோன வேலை ஒன்று உன்னிடமும் இருக்கும். இரண்டு பாடம் பாக்கியிருக்கும் பட்டம், திறந்த வேகத்தில் மூடிய கடை, நேர்முகத் தேர்வு வரை போய்த் திரும்பிய அரசு வேலைக் கனவு. "எல்லாம் வீணாப்போச்சு" என்று நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய். அந்தத் தீர்ப்பு தப்பு என்கிறேன்! அதற்குச் சாட்சியாக ஸ்பெயினில் ஓர் ஆற்றங்கரையையே கூப்பிடுகிறேன்.

தெற்கு ஸ்பெயினின் அந்தாலூசியா. ஹெரேஸ் நகரையும் அல்மார்ஹென் ஊரையும் இணைக்க 1920களில் ஒரு ரயில் பாதைக்கு வேலை தொடங்கினார்கள். மலையைக் குடைந்தார்கள். பள்ளத்தாக்குகளுக்குக் குறுக்கே பாலம் எழுப்பினார்கள். ஸ்டேஷன்கூடக் கட்டிவிட்டார்கள். பிறகு பணம் போதவில்லை, அரசியல் குழம்பியது, 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வேலை நின்றது. அந்தப் பாதையின் மலைப்பகுதியில் ஒரு ரயில்கூட ஓடவில்லை. ஒன்றுகூட!

1993இல் ஸ்பெயின் நாடு, கைவிட்ட ரயில் பாதைகளை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் திறந்துவிடும் திட்டத்தைத் தொடங்கியது. இந்தப் பாதைக்கும் விடிவு பிறந்தது. புவெர்த்தோ செரானோவிலிருந்து ஒல்வேரா வரை 36 கிலோமீட்டர், 30 சுரங்கங்கள், 4 பெரிய பாலங்கள். ஒரு பக்கம் குவாதலேத்தே ஆறும் அதன் துணையாறுகளும், மறுபக்கம் ஆலிவ் தோப்பு. ஒரு சுரங்கம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் நீளம். சுள்ளென்ற வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் குளிர் முகத்தில் அறைகிறது, டயரின் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. அந்த இருட்டைக் குடைந்தவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் உழைப்பின் மேல்தான் இன்று சக்கரம் உருள்கிறது.

சிறு பிள்ளைகூட அங்கே மலைநாட்டில் சைக்கிள் மிதிக்கிறது, எப்படி? ரயில் எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் திணறும். அதனால் மலையை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும் சரிவைக் குறைத்து வைத்தார்கள். எஞ்சினுக்காகப் போட்ட அந்தக் கணக்கு வீணாகவில்லை! பிள்ளையின் காலுக்கு உதவுகிறது. நீ விடிய விடியப் படித்த படிப்பும், கடை நடத்தியபோது ஆளை எடைபோடக் கற்றதும் அப்படித்தான் உனக்குள் கிடக்கின்றன. அவற்றை எந்தத் தோல்வியும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனி. "ரயில் வந்தால்தான் ஆச்சு" என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அந்தப் பாதை இன்றும் புதர்க்காடுதான். போட்ட உழைப்பை விடாமல் பிடித்துக்கொண்டார்கள், போய்ச் சேரும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். இந்தத் துணிச்சல்தான் உனக்கு இப்போது தேவை.

அந்தப் பாதையின் வழியில் சாஃப்ரமகோன் என்ற பெரும்பாறை நிற்கிறது. அதன் இடுக்குகளில் பாறுக் கழுகுகள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. சிறகை விரித்தால் இரண்டரை மீட்டர். காலையில் அவை அவசரப்படுவதில்லை. வெயில் ஏறி, சூடான காற்று மேலே கிளம்பும்வரை காத்திருந்து, அதன் மேல் ஏறி வட்டமிடுகின்றன. அவற்றைப் பார்க்கும் மையம் எங்கே இருக்கிறது தெரியுமா? ரயிலே வராத ஒரு பழைய ஸ்டேஷனில்!

என்றாவது அங்கே போனால் ஜூலை, ஆகஸ்ட் வெயிலைத் தவிர்த்துவிடு. தாழ்ந்து கிடக்கும் புவெர்த்தோ செரானோவில் தொடங்கி ஒல்வேராவை நோக்கி மிதி. ஏற்றம்தான், இருந்தாலும் ஏறு!

அதற்கு முன் இங்கே ஒரு வேலை இருக்கிறது. நின்றுபோன உன் முயற்சியில் இதுவரை முடித்தவற்றை மட்டும் ஒரு தாளில் எழுது. ஒன்றையும் விடாதே. எழுதியபின் அதை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று யோசி. நாளைக்கு என்று தள்ளாதே, இன்றிரவே உட்கார்!