வெயிலில் நின்று நிழல் தருவோம்

பிறரை மகிழ்விப்பதே பேரறம் என்று கூறும்போது மரத்தை உவமையாகக் காட்டுவது நம் நாட்டின் நெடுங்கால வழக்கம். மரம் நிழல் தருகிறது, கனி தருகிறது, கல்லெறிந்தவனுக்கும் பழத்தையே உதிர்க்கிறது என்று பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுப் பழகிய உவமைகளில் ஒரு குறை உண்டு. அவை செவியில் இனித்துவிட்டு, உள்ளத்தைத் தொடாமலேயே சென்றுவிடும்.

சென்ற கோடையில் ஒரு நாள் சத்சங்கம் முடிந்தபின் ஒரு முதிய அம்மையார் என்னிடம் வந்தார். அன்று நானும் மரத்தைப் பற்றித்தான் பேசியிருந்தேன். அவர் கணவரை இழந்து ஓராண்டு ஆகியிருந்தது. "மரத்தைப்போல் மற்றவர்களுக்கு மகிழ்ச்சி தர வேண்டும் என்று சொன்னீர்கள், ஐயா. நல்ல வார்த்தைதான். ஆனால் என் மனமே வறண்டு கிடக்கிறது. என்னிடம் இல்லாததை நான் எப்படிக் கொடுப்பேன்?" என்று கேட்டார். "முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள் அம்மா, மற்றவை தாமே வரும்" என்றேன். அவர் கைகூப்பி விடைபெற்றார். நான் கூறியது அவருக்கு விடையாகவில்லை என்பதை அவர் முகம் காட்டியது.

மகிழ்ச்சி உள்ளவர் மட்டுமே மகிழ்ச்சி தர இயலுமா? ஆம் என்றால், நோயுற்றோருக்கும் துணையை இழந்தோருக்கும் இந்த அறத்தில் பங்கில்லை என்று ஆகிவிடும். உலகில் துயரமில்லாத இல்லம் ஏது? அவ்வாறாயின் இந்த அறத்தைச் செய்ய ஒருவருமே எஞ்சமாட்டார். ஆகவே உவமையாகச் சொல்லப்பட்ட அந்த மரத்தையே சற்று நெருங்கிப் பார்ப்போம்.

நிழல் எங்கிருந்து வருகிறது?

நண்பகலில் ஒரு சுவரின் நிழலில் நின்று பாருங்கள். பின்னர் ஒரு மரத்தின் நிழலில் நின்று பாருங்கள். வேறுபாடு உடனே விளங்கும். சுவர் வெயிலை மறைக்கிறது. ஆயினும் தான் சூடேறி அந்தச் சூட்டை நம்மீதே வீசுகிறது. மரமோ வேரால் உறிஞ்சிய நீரை இலைகளின் நுண்துளைகள் வழியே ஆவியாக வெளிவிடுகிறது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தைத் தன்னுடன் எடுத்துச் செல்கிறது. அதனால்தான் மரத்தடி குளிர்கிறது. வெயிலின் ஒரு பகுதியைக் கொண்டு இலை தனக்கு உணவையும் ஆக்கிக்கொள்கிறது.

நமக்கு நிழல் தரும் மரத்திற்கு நிழல் இல்லை. அதன் உச்சி நாள் முழுவதும் காய்கிறது. அது வெயில் தணிந்தபின் நிழல் தரலாம் என்று காத்திருப்பதில்லை. வெயில் தணிந்தபின் நிழலுக்குத் தேவையும் இல்லை. சுவரும் மரமும் ஒரே வெயிலில்தான் நிற்கின்றன. ஒன்று தான் பெற்ற சூட்டைத் திருப்பித் தருகிறது. மற்றொன்று குளிர்ச்சியைத் தருகிறது. மரத்திற்கு வேர் உண்டு, வேரடியில் நீர் உண்டு என்பதே இந்த வேறுபாட்டிற்குக் காரணம்.

துயருற்ற மனிதரும் இவ்விரண்டில் ஒன்றாகிறார். தாம் பட்ட துன்பத்தைச் சுடுசொல்லாக அருகிலிருப்போர்மீது இறக்கிவைப்பவர் உண்டு. அதே துன்பத்தைப் பட்டதனாலேயே பிறர் துன்பத்தை அறிந்து ஆறுதலாக நிற்பவரும் உண்டு.

நான்கு கிலோமீட்டர் நிழல்

இத்தகைய ஒருவர் அண்மைக்காலம் வரை நம்மிடையே வாழ்ந்தார். கர்நாடகத்தில் மாகடிக்கு அருகிலுள்ள ஹுலிக்கல் என்ற சிற்றூரில் கூலி வேலை செய்து வாழ்ந்தவர் திம்மக்கா. பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். மணமாகிப் பல்லாண்டுகள் ஆகியும் அவருக்கும் அவர் கணவர் சிக்கய்யாவுக்கும் குழந்தைப்பேறு இல்லை. அக்காலத்துக் கிராமத்தில் அக்குறை ஒரு பெண்ணை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அத்துயரத்தோடு அவ்விருவரும் ஹுலிக்கல்லிலிருந்து குதூர் செல்லும் சாலையோரம் ஆலங்கன்றுகளை நடத் தொடங்கினர். முதலாண்டில் 10, அடுத்த ஆண்டில் 15, அதற்கடுத்த ஆண்டில் 20 என்று கன்றுகள் பெருகின. குடங்களில் நீர் சுமந்து ஊற்றினர். கால்நடைகள் மேயாமலிருக்க முள்வேலி கட்டினர். இவ்வாறு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவுக்கு 385 ஆலமரங்கள் எழுந்தன.

1991இல் சிக்கய்யா மறைந்தார். அதன்பின்னும் மரங்களின்பால் திம்மக்கா கொண்ட அன்பு குறையவில்லை. கன்னட மக்கள் அவரைச் 'சாலுமரத திம்மக்கா' என்று அழைத்தனர். சாலுமரம் என்பது வரிசையாக நிற்கும் மரங்களைக் குறிக்கும். 2019இல் பத்மஸ்ரீ விருது பெறச் சென்றபோது, குடியரசுத் தலைவரின் நெற்றியில் கைவைத்து அவர் ஆசி கூறியதை நாடே கண்டு நெகிழ்ந்தது. 2025 நவம்பர் 14 அன்று, தமது 114ஆம் வயதில் அவர் மறைந்தார். அந்த நிழலில் நடந்து செல்லும் வழிப்போக்கர், அதை நட்ட கைகள் மகிழ்ச்சியில் நட்டனவா துயரத்தில் நட்டனவா என்று அறியார். அவருக்குக் கிடைப்பது குளிர்ச்சி மட்டுமே.

நடுமரம் போனபின்

இருப்பினும் அந்த அம்மையாரின் கேள்வியில் இன்னும் ஆழமான ஒரு பகுதி உண்டு. வாழ்வுக்கு நடுத்தூணாக நின்றவரே போய்விட்டால் என்ன செய்வது?

மேற்கு வங்கத்தில் ஹவுராவின் சிப்பூரில் உள்ள தாவரவியல் பூங்காவில் 250 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஓர் ஆலமரம் நிற்கிறது. 1864இலும் 1867இலும் வீசிய புயல்களில் அது காயமுற்றது. பின்னர் பூஞ்சை தாக்கி அடிமரம் அழுகியதால், 1925இல் அதை அகற்ற வேண்டியதாயிற்று. நடுமரம் போன ஒரு மரம் பட்டுவிடும் என்றுதானே எவரும் எண்ணுவர்? அது படவில்லை. கிளைகளிலிருந்து இறங்கிய விழுதுகள் மண்ணில் வேரூன்றியிருந்தன. இன்று ஆயிரக்கணக்கான விழுதுகளின்மீது அந்த மரம் ஒரு சிறு வனமாக விரிந்திருக்கிறது. 2020இல் வீசிய அம்பன் புயலில் விழுதுகள் பலவற்றை இழந்தும் அது வாழ்கிறது.

விழுதுகள் ஒரே நாளில் இறங்கியவை அல்ல. கிளைகள் பரந்து நிழல் தந்த காலத்திலேயே அவை சிறிது சிறிதாக மண்ணை நோக்கி வந்தன. பிறருக்காகக் கிளை விரித்த இடங்களிலேயே மரம் தனக்கான தூண்களையும் பெற்றது. செல்லரித்த ஆலை அதன் விழுது தாங்குவதுபோல் தளர்ந்த தந்தையை மகன் தாங்குவான் என்று நாலடியார் உவமை கூறும். அந்த விழுது பெற்ற பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நம் அன்பு எங்கெங்கு மண்ணைத் தொட்டதோ, அங்கெல்லாம் நமக்கு ஒரு தாங்குதல் உண்டு. பிள்ளையில்லாத திம்மக்காவை ஒரு மாநிலமே தாயாகக் கொண்டாடியது இதற்குச் சான்று.

நாம் செய்ய வேண்டியது

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். துயரத்தை மறைத்துப் புன்னகையை வரவழைத்துக்கொள்வது மரத்தின் வழியன்று. வேரில் நீரில்லாத மரம் இலையை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. மனிதருக்கும் அழுவதற்கு ஒரு காலம் வேண்டும். அமைதியாக இறைவனை நினைந்திருக்க ஒரு வேளை வேண்டும். அதுவே வேரடி நீர். அந்நீர் சிறிதளவேனும் இருந்தால், மகிழ்ச்சி இல்லாத மனத்திலிருந்தும் ஒரு கனிவான சொல்லும் பொறுமையான செவியும் பிறக்கும்.

இதை எழுதும்போது என் தவறு எனக்குத் தெளிவாகிறது. கன்றாக இருந்த ஆலிடம் திம்மக்கா நிழல் கேட்கவில்லை. முதலில் குடத்து நீரைக் கொண்டுசென்று ஊற்றினார். வறண்ட மனத்தோடு வந்த ஓர் உயிரிடம் நானோ, நீயே உன்னைத் தேற்றிக்கொள் என்று அறிவுரை கூறி அனுப்பிவிட்டேன். அரைமணி நேரம் அவர் அருகில் அமர்ந்து அவர் கணவரைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் மரத்தைப் பற்றிப் பேசியதால் யாருக்கு என்ன பயன்? வரும் வாரம் அந்த அம்மையாரின் இல்லத்திற்குச் செல்லவிருக்கிறேன், பேசுவதற்காக அன்று, கேட்பதற்காக.

வாசக அன்பர்களே! நம் தெருவிலும் நம் இல்லத்திலும் வறண்டு நிற்கும் ஒரு கன்று இருக்கக்கூடும். நம் துயரம் தீரட்டும் என்று காத்திராமல், இன்றே ஒரு குடம் நீருடன் அங்குச் செல்வோம்.