ஓநாய்ப் பல்லுக்கு என்ன அர்த்தம்?

ருமேனியாவின் வடகிழக்கே புக்கோவினா என்ற மலைப் பிரதேசம். அங்கே ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களில் பெண்கள் முட்டை 'எழுதுகிறார்கள்'. வரைவது என்றல்ல, எழுதுவது என்றே அந்த மொழியில் வழக்கு. மெல்லிய உலோகக் குழல் செருகிய குச்சியை உருகிய தேன்மெழுகில் தொட்டு முட்டையின் மேல் கோடிழுக்கிறார்கள். பிறகு மஞ்சள் சாயத்தில் முக்குகிறார்கள். மஞ்சளாகவே நிற்கவேண்டிய இடத்தில் மறுபடி மெழுகு. பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. முட்டையை நெருப்பருகே காட்டி மெழுகைத் துடைத்தெடுத்தால், மூடி வைத்ததெல்லாம் நிறமாக எழுந்து வருகிறது.

முட்டையைச் சுற்றி ஓடும் சிறு முக்கோண வரிசைக்குப் பெயர் ஓநாய்ப் பல். எதிரெதிராகச் சுருண்ட இரண்டு வளைவுகள் ஆட்டுக்கடாவின் கொம்பு. நடுக்கோட்டின் இருபுறமும் சாய்ந்து இறங்கும் சிறு கோடுகள் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் கிளை. இவற்றின் உறவுக்காரர்களை மரமுரெஷ் பகுதியின் மரவாசல்களில் செதுக்கல்களாகவும், பெண்களின் சட்டைத் தோளில் தையல்களாகவும் காணலாம். ஹொரெசு ஊர் மட்பாண்டங்களில் சேவல் நிற்கிறது. மண் தேடிப் பிசைவது வழக்கமாக ஆண்கள் வேலை; சேவலை எழுதுவது பெண்கள் வேலை.

இவற்றைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள்: அர்த்தம் கண்டுபிடித்திருக்கிறார்கள். மரம் என்றால் ஜீவ விருட்சம்; அதுவே பிரபஞ்சத்தின் அச்சு. சேவல் என்றால் சூரியன். ஓநாய் என்றால் ஆதி டேசிய மூதாதை. மிர்ச்சா எலியாதேயின் (1907–1986) நூல்களைப் புரட்டியவர்களுக்கு இந்த அகராதி பழக்கமானது. அகராதி தவறு என்று நான் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. முட்டை எழுதுகிறவளுக்கு இந்த அர்த்தம் தெரியாதென்றால், அது யாருடைய அர்த்தம்?

வழக்கமான பதில்கள் இரண்டு. ஒன்று, அவள் தன் பிரக்ஞையின்றியே ஒரு புராதன ஞானத்தைச் சுமந்து வருகிறாள் என்பது. இன்னொன்று, அது வெறும் அலங்காரம் என்பது. முதல் பதில் அவளைச் சுமைகூலியாக்குகிறது. சுமையைப் பிரித்துப் பார்க்கும் உரிமை நமக்கு. இரண்டாவது அவளைக் கைவேலைக்காரி என்று ஒதுக்கிவிடுகிறது. இரண்டிலும் அவளிடம் கேட்கவேண்டிய அவசியம் நமக்கு நேர்வதில்லை.

நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. காசோலையிலுள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. பல கையெழுத்துகளில் எழுத்தே இருப்பதில்லை. பெயர் என்றோ தேய்ந்து ஒரு சுழிப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனாலும் அந்தச் சுழிப்பு தப்பினால் காசோலை திரும்பிவிடும். வாசிக்க ஏதுமில்லாத ஒன்று சரியாகவோ தவறாகவோ இருக்க முடியும் என்பதை நான் அழகியல் நூல்களில் கற்கவில்லை, கவுண்டரில் கற்றேன். ஓநாய்ப் பல்லும் இப்படித் தேய்ந்த வடிவமாகத்தான் இருக்கக்கூடும். கை அறிந்தது, வாய் சொல்லவேண்டாதது. ஆனால் ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. கையெழுத்து ஒருவனுக்குச் சொந்தம், ஓநாய்ப் பல் யாருக்கும் சொந்தமில்லை. மேலும் இங்கே வடிவம் தேய்ந்த பிறகும் பெயர் தேயவில்லை. வெறும் முக்கோணத்தை இன்னும் ஓநாய் என்கிறார்கள்.

பெயர் ஏன் தேயவில்லை? கார்பாத்திய மலைகளில் ஓநாய் இன்றும் இருக்கிறது, ஆட்டை அடிக்கிறது. நவம்பர் 30, புனித ஆண்ட்ரூவின் நாள், கிராமத்து நம்பிக்கையில் ஓநாய்களின் நாளும்கூட. அதையொட்டிய நாட்களில் கம்பளி வேலையைத் தவிர்ப்பது பழைய வழக்கம். ஆக, தன் ஆட்டைத் தின்னும் மிருகத்துக்கு அவள் முட்டையில் இடம் தருகிறாள். முழு மிருகத்துக்கு அல்ல, பல்லுக்கு மட்டும். குறியீடு என்றால் ஓநாய் வேறு எதற்காகவோ நிற்கவேண்டும். பெயர் என்றால் ஓநாய் ஓநாயாகவே இருக்கலாம்.

ப்ரான்குஷி (1876–1957) ருமேனியாவின் கோர்ஜ் வட்டாரத்துக் கிராமத்துக்காரர். அவருடைய 'வெளியில் பறவை' என்ற வெண்கலச் சிற்பம் 1926-ல் அமெரிக்கா போனபோது, இறகும் அலகும் இல்லாத இது கலையல்ல, உலோகச் சாமான் என்று சுங்க இலாகா வரி போட்டது. வழக்கில் சாட்சிகளிடம் கேட்கப்பட்ட முக்கியமான கேள்வி, இது பறவையா என்பது. பறவையைப் போல் இருந்தாக வேண்டியதில்லை என்று 1928-ல் தீர்ப்பாயிற்று. முக்கோணத்தை ஓநாய் என்றழைக்கும் ஊர்களில் இந்த வழக்கு நடக்க வேண்டியிருந்திருக்காது.

இது ரசனை பற்றிய தகராறு மட்டுமாக இருந்தால் விட்டுவிடலாம். 1930-களில் இரும்புக் காவல் படையின் தலைவன் கோத்ரியானு வெள்ளைக் குடியானவ உடையில் காட்சி தந்தான். அந்த இயக்கத்தை ஆதரித்தவர்களில் எலியாதேயும் ஒருவர். பின்னால், 1976 முதல், சௌஷெஸ்கு அரசு 'ருமேனியாவின் கீதம்' என்ற பெயரில் நாடெங்கும் விழா நடத்தி நாட்டுப்புறக் கலையை மேடையேற்றியது. அதே அரசு 1988-ல் ஏறக்குறைய 13,000 கிராமங்களில் பாதிக்கு மேல் ஒழித்துக்கட்டும் திட்டத்தை அறிவித்தது. 1989 டிசம்பரில் ஆட்சி விழுந்ததால் திட்டம் நின்றது. பூவேலை தேசத்தின் ஆன்மா என்று ஆனபிறகு, தைத்தவளின் வீடு தேவையில்லாமற் போகிறது. அர்த்தத்தைப் பெயர்த்தெடுத்துக்கொண்டால் மிச்சம் வெறும் கிராமம்தானே.

நான் சொல்வதும் ஒரு வியாக்கியானம்தான் என்று மறுக்கலாம். நம்பிக்கையே இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாம்பு உண்டு, அதைக் கொல்லலாகாது என்று அந்தக் கிராமங்களில் நம்பினார்கள். ஆனால் அந்த நம்பிக்கை அடிக்க ஓங்கிய கை நிற்பதில் இருக்கிறது. வாசலில் செதுக்கிய பாம்பு எதைக் குறிக்கிறது என்ற விளக்கத்தில் இல்லை.

நம் விமர்சனத்துக்கும் இந்த வியாதி உண்டு. கவிதையில் ஒரு காகம் உட்கார்ந்தால் அது எதன் குறியீடு என்று உடனே கேட்டுவிடுகிறோம். காகத்தை யாரும் பார்ப்பதில்லை. நானும் அப்படிச் சில கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், இப்போது அவற்றை வாசிக்கக் கூச்சமாக இருக்கிறது. ஓநாய்ப் பல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால், வெளியே ஓநாய் இருக்கிறது என்பதே முதல் பதிலாக இருக்கவேண்டும். மற்ற அர்த்தங்கள் அதற்குப் பிறகு வரட்டும்.