உதவித்தொகையும் வீட்டுக் கடனும் – பொருள் வரைதல் நோக்கில் ஒரு சிந்தனை

இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியானது பொருள் வரைதல். இதனைப் பரிக்கிரக பரிமாணம் என்று ஆகமங்கள் கூறும். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இவ்விரதத்திற்கு நேரும் குற்றங்களை எண்ணுமிடத்து, நிலத்தையும் வீட்டையும் முதலில் வைத்தார். பொன்னும் வெள்ளியும் அவற்றின் பின்னரே வருகின்றன. மண்ணின் மீதும் மனையின் மீதும் மனிதனுக்குள்ள பற்றை ஆசாரியர் நன்கு அறிந்திருந்தார்.

அந்நாளில் வரம்பு மீறிப் பொருள் சேர்ப்பதற்குக் கையில் செல்வம் இருத்தல் வேண்டும். இந்நாளிலோ செல்வம் இல்லாமலே வரம்பு மீற இயலும். வரும் இருபது ஆண்டுகளின் உழைப்பை இன்றே ஈடு வைத்து வீடு கட்டிவிடலாம். அதனால் நம் இல்லங்களில் ஒரு வினா எழுகின்றது. குடும்பத்தில் மாற்றுத் திறனாளி ஒருவர் இருப்பின், அவருக்கு அரசு வழங்கும் உதவித்தொகையையும் குடும்ப வருவாயில் சேர்த்துக் காட்டி வீட்டுக் கடன் பெறலாமா? ஏற்கெனவே உள்ள சிறு கடன்களைச் சொல்லாமல் விடலாமா? பூலாம்பாடி போன்ற சிற்றூர்களில் வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைத்து வாழும் குடும்பங்களுக்கும், நம் சமுதாயக் குடும்பங்களுக்கும் இது பொதுவான வினாவே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கடுமையான குறைபாடு உடையோர்க்கும் அறிவுசார் குறைபாடு உடையோர்க்கும் தமிழக அரசு வழங்கும் மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகை 2023ஆம் ஆண்டு சனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு குடும்பத்தின் மாத ஊதியம் 25,000 ரூபாய் என்று கொள்வோம். வண்டிக் கடனுக்கும் மகளிர் குழுக் கடனுக்குமாக மாதம் 5,500 ரூபாய் கட்ட வேண்டியுள்ளது. தவணைகள் யாவும் சேர்ந்து வருவாயில் பாதியைத் தாண்டலாகாது என்று வங்கி வரையறுப்பதாகவும், வட்டி நூற்றுக்கு 9, காலம் 20 ஆண்டு என்றும் வைத்துக்கொண்டால், வீட்டுத் தவணைக்கு எஞ்சுவது 7,000 ரூபாய். இதற்குக் கிடைக்கும் கடன் ஏறத்தாழ 7,78,000 ரூபாய். உதவித்தொகையையும் வருவாயில் சேர்த்தால் தவணைக்கு மேலும் 1,000 ரூபாய் இடம் கிடைக்கும். கடன் 8,89,000 ரூபாயாகும். கூடுதலாகக் கிடைப்பது 1,11,000 ரூபாயே. மாறாக, உதவித்தொகையைத் தொடாமல் அச்சிறு கடன்கள் இரண்டையும் முதலில் அடைத்துவிட்டால், 12,500 ரூபாய் தவணைக்கு இடம் உண்டாகி, கடன் தகுதி 13,89,000 ரூபாய் வரை உயரும். பழைய கடனைத் தீர்ப்பதால் வரும் பயன், உதவித்தொகையைச் சேர்ப்பதால் வரும் பயனைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டது. ஆதலின் பொறுத்திருந்து பழங்கடனை அடைப்பதே அறமும் ஆகும், ஆதாயமும் ஆகும்.

இக்கணக்கை அறிந்த சிலர் வேறொரு வழியை நாடுவர். வங்கிக் கடன்கள் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் தெரிந்துவிடும். உறவினரிடம் வாங்கிய கைமாற்றும், தெருவில் வட்டிக்கு வாங்கியதும் அங்கே தெரிவதில்லை. தெரியாததை ஏன் எழுத வேண்டும் என்பர். வாய்மை விரதத்தின் குற்றங்களுள் கூடலேகக் கிரியை, அஃதாவது பொய் ஆவணம் எழுதுதல், ஒன்றாகும். விண்ணப்பத்தில் ‘வேறு கடன் ஏதுமில்லை’ என்று கையொப்பமிடுவது இதன்பாற்படும். வங்கி அறியாவிட்டாலும் கடன் கடனே; மாதம் பிறந்தவுடன் அது வாயிலில் வந்து நிற்கும்.

அடுத்து, உதவித்தொகை எவருடைய பொருள் என்று ஆராய்வோம். அது குடும்பத்திற்கு அளிக்கப்பட்ட கொடையன்று. ஒருவருடைய உணவு, மருந்து, துணை ஆகியவற்றின் பொருட்டு அவர் பெயரால் வருவது. பெற்றோர் கையில் அது அடைக்கலப் பொருள். அடைக்கலப் பொருளைக் கவர்தலும் வாய்மை விரதத்தின் குற்றமென்றே ஆசாரியர் வைத்துள்ளார். கொல்லாமை விரதத்தின் குற்றங்கள் ஐந்தனுள் மிகுபாரம் ஏற்றுதலும், உணவும் நீரும் தடுத்தலும் இரண்டாகும். இவை கால்நடைகளைக் குறித்தன என்று நாம் படித்துக் கடந்து விடுகிறோம். தவணை கட்டும் மாதத்தில் மகனுடைய மருந்து குறைந்தால், மகளுக்கு இயன்முறைப் பயிற்சி நின்றால், அவ்விரு குற்றங்களும் நம் வீட்டினுள்ளேயே நிகழ்ந்தனவாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது தள்ளத்தக்கதன்று. அந்த வீட்டில் வாழப்போகிறவர் அவரும் அல்லரோ? படியில்லாத வாயிலும், சக்கர நாற்காலி செல்லும் கதவும், பிடித்து எழக் கைப்பிடி வைத்த குளியலறையும் அவருக்கு மருந்தினும் பெரிய உதவி அல்லவோ? மேலும், அவர் பணத்தை அவரே தொடலாகாது என்பது அவரைக் குழந்தையாக்குவதன்றோ? 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சொத்து வைத்திருக்கவும், தம் பணத்தைத் தாமே ஆளவும், வங்கிக் கடனும் அடமானக் கடனும் பெறவும் பிறரோடு ஒப்ப அவர்களுக்கு உரிமை உண்டு என்கின்றது. ஆகவே உதவித்தொகையை ஒருபோதும் வீட்டிற்குப் பயன்படுத்தலாகாது என்று நாம் விதி செய்ய முடியாது. யார் முடிவு செய்வது, யாருக்காகச் செய்வது என்பவையே நாம் கேட்க வேண்டியவை.

இதற்கும் அதே பிரிவு வழிகாட்டுகின்றது. துணை செய்பவர்க்கும் மாற்றுத் திறனாளிக்கும் ஒரு பண விவகாரத்தில் நலன் முரண்பட்டால், அவ்விவகாரத்தில் துணை செய்வதிலிருந்து அவர் விலகுதல் வேண்டும். தந்தையின் பெயரில் பத்திரம், மகனுடைய தொகையில் தவணை என்பது இத்தகைய முரண்பாடே. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி நியமிக்கப்படும் காப்பாளர், ஆறு திங்களுக்குள் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கும் ஒப்படைக்க வேண்டும். நியமனம் பெறாத பெற்றோரும் இக்கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது நன்று.

காலத்தையும் எண்ணுதல் வேண்டும். உதவித்தொகை ஒருவர் வாழும்வரை வருவது. தாமதமும் ஆகலாம், விதி மாறவும் கூடும். தவணையோ இருபது ஆண்டும் தவறாமல் வரும். 90 நாள் தவணை தவறினால் வங்கி அதனை வாராக் கடனாக வகைப்படுத்தும். பின்னர் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அறிவிப்பு அளித்து வீட்டைக் கையகப்படுத்த வழி உண்டு. எவருடைய நலனுக்கென்று வீடு கட்டினோமோ, அவரே அன்று வீதியில் நிற்க நேரும்.

‘அவன் முன்வினை, அவன் அனுபவிக்கிறான், நாம் என் செய்வது’ என்போரும் நம்மிடையே உளர். வினைக் கொள்கையை இவ்வாறு பயன்படுத்துவது பெரும் பிழை. அவர் வினையின் கணக்கு நம் கையில் இல்லை. அவர்பால் நாம் நடந்துகொள்ளும் முறையால் நமக்குள் வந்து சேரும் வினையே நம் கையில் உள்ளது.

ஆகவே சிராவக சிராவகியர் இவ்வாறு செய்யலாம். வங்கிக்குச் செல்வதற்கு முன்பே, எத்தனை அறை போதும் என்று வீட்டின் அளவை வரைந்துகொள்ளுங்கள். பழங்கடன்களை, கைமாற்று உட்பட, ஒரு தாளில் எழுதி முதலில் தீர்க்க முயலுங்கள். அரசு வீட்டுத் திட்டங்களில் மாற்றுத் திறனாளிகளுக்குச் சட்டத்தின் 37ஆம் பிரிவு வகுத்த நூற்றுக்கு ஐந்து ஒதுக்கீட்டை விசாரித்து அறியுங்கள். உதவித்தொகை இல்லாமலே தவணை கட்ட முடியுமா என்று கணக்கிடுங்கள். முடியாதெனில் கடனைக் குறையுங்கள். அத்தொகையைச் சேர்த்தே ஆக வேண்டுமெனில், அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, அவருடைய சம்மதம் பெற்று, பத்திரத்தில் அவர் பெயரையும் எழுதுங்கள். அதன் பின்னரே அடிக்கல் நாட்டுங்கள்.

அருகன் அறம் ஓங்குக!

– ஓய்வு பெற்ற ஆசிரியை, பூலாம்பாடி