மார்க்கரின் கையெழுத்து

பதினான்காவது ஹோலில் அவருடைய பந்து நகர்ந்ததை நான் பார்த்தேன். யூகலிப்டஸ் மரத்தின் வேருக்குப் பின்னால், உயரமான புல்லுக்குள் கிடந்தது. அவர் கிட்டே போனார், குனிந்து பார்த்தார், காலை மாற்றி வைத்தார். ஷூ தெரியாமல் பட்டதா, தெரிந்தே தள்ளினாரா, இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. பந்து வேரை விட்டு அரை அடி விலகி வந்துவிட்டது. அங்கிருந்தே அடித்தார். அருமையான ஷாட். ஹோல் முடிந்ததும் "அஞ்சு, தம்பி" என்றார். நான் அவருடைய ஸ்கோர்கார்டில் 5 என்று எழுதினேன்.

மலை ஊர் ஒன்றில், ஒரு கிளப்பில் நடந்த சின்ன அமெச்சூர் போட்டி அது. பரிசுப் பணம் கிடையாது, கோப்பை மட்டும்தான். அவர் என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், என் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த மனிதர். அன்று நான்தான் அவருடைய மார்க்கர்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு மார்க்கர் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரோக் பிளே போட்டியில் உங்கள் ஸ்கோரை நீங்கள் எழுத முடியாது. பொதுவாகக் கூட ஆடுகிறவர்கள் கார்டை மாற்றிக்கொள்வார்கள். என் கணக்கை நீ எழுது, உன் கணக்கை நான் எழுதுகிறேன். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு ஹோலாக ஒப்பிட்டுப் பார்த்து, ஆடியவர், மார்க்கர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அமெச்சூர் போட்டிகளில் பெரும்பாலும் நடுவர் உங்கள் கூட வரமாட்டார். ஒருவரை ஒருவர் நம்புவதை வைத்துத்தான் மொத்த ஆட்டமும் நிற்கிறது.

இந்த நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பாபி ஜோன்ஸ் கதையைச் சொல்வார்கள். 1925 அமெரிக்க ஓப்பன், வொர்செஸ்டர் மைதானம். உயரமான புல்லில் பந்துக்குப் பின்னால் மட்டையை வைக்கும்போது பந்து லேசாக அசைந்துவிட்டதாக ஜோன்ஸ் சொன்னார். வேறு யாரும் பார்க்கவில்லை. அவரே தனக்கு ஒரு ஸ்ட்ரோக் அபராதம் போட்டுக்கொண்டார். கடைசியில் சமநிலை, பிளே ஆஃப், அதில் வில்லி மெக்ஃபார்லேனிடம் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார். பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவரைப் பாராட்டுவீர்களா என்கிற அர்த்தத்தில் அவர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.

அழகான கதை. ஆனால் எனக்கு அது உதவவில்லை. ஜோன்ஸ் தன் பந்தைப் பற்றிச் சொன்னார். நான் சொல்ல வேண்டியிருந்தது இன்னொருத்தர் பந்தைப் பற்றி. தன் தப்பைத் தானே சொல்கிறவனுக்கு உலகம் மரியாதை தரும். அடுத்தவன் தப்பைச் சொல்கிறவனுக்கு நம் ஊரில் வேறு பெயர் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலேயே அதைக் கற்றுக்கொண்டு விடுகிறோம், "போட்டுக் குடுக்கிறவன்".

அன்று என்னை வாயடைக்க வைத்தது பயம் மட்டும் இல்லை. எட்டிக்கெட் என்று நான் கற்றுக்கொண்ட எல்லாமே ஒருவகையில் சும்மா இருக்கக் கற்றுக்கொடுத்தவைதான். அடுத்தவர் அடிக்கும்போது பேசாதே, அசையாதே. அவர் புட் செய்யும் கோட்டை மிதிக்காதே, உன் நிழல்கூட அதன் மேல் விழக்கூடாது. பங்கரில் உன் காலடித் தடத்தைச் சீவிவிட்டு வெளியே வா. அடுத்தவரைத் தொந்தரவு செய்யாதே, சங்கடப்படுத்தாதே. அன்று நான் இதில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அன்று யாராவது எனக்கு நடத்தைச் சான்றிதழ் கொடுத்திருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன்.

2019இல் திருத்தப்பட்ட விதிப்புத்தகத்தின் முதல் விதியே ஆட்டக்காரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறது. நேர்மையாக இரு, மற்றவர்களை மதி, மைதானத்தைப் பார்த்துக்கொள். மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன, ஒன்றோடொன்று சண்டை போடவே போடாது என்பதுபோல. ஆனால் பதினான்காவது ஹோலில் முதலாவதும் இரண்டாவதும் எனக்குள் மோதிக்கொண்டன. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது தப்பு என்று பிறகு எனக்குப் புரியவைத்தது அபராதங்களின் வரிசை. நின்ற பந்தை அந்த மாதிரி புல்லில் ஆடுபவரே நகர்த்திவிட்டால் ஒரு ஸ்ட்ரோக் அபராதம், பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். வைக்காமல் அடித்துவிட்டால், தவறான இடத்திலிருந்து ஆடியதற்காக அது இரண்டாகிவிடும். தெரிந்தே அதையும் மறைத்து, குறைத்து எழுதின கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தகுதி நீக்கம். அதாவது உண்மை தள்ளிப்போகப் போக அதன் விலை ஏறுகிறது. மிக மலிவாகக் கிடைப்பது முதல் நிமிடத்தில், பந்து அசைந்து அவர் மட்டையை ஓங்குவதற்கு முன்னால்.

2017இல் லெக்ஸி தாம்ஸனுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் போட்டியில் சனிக்கிழமை க்ரீனில் பந்தை எடுத்துத் திரும்ப வைக்கும்போது சரியான இடத்தில் வைக்கவில்லை. வித்தியாசம் ஓர் அங்குலம் இருக்கும். தொலைக்காட்சியில் பார்த்த யாரோ ஒருவர் மறுநாள் மின்னஞ்சல் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்றின் நடுவே, முன்னிலையில் இருக்கும்போது, நான்கு ஸ்ட்ரோக் அபராதம் என்று சொன்னார்கள். தவறான இடத்துக்கு இரண்டு, தவறான கார்டில் கையெழுத்துப் போட்டதற்கு இரண்டு. அழுதுகொண்டே ஆடி, பிளே ஆஃபில் தோற்றார். அடுத்த வருடத்திலிருந்து இப்படிப் பார்வையாளர்கள் தெரிவிக்கும் புகார்களை எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். சரியான முடிவுதான். உண்மையைச் சொல்ல வேண்டியவர் சோபாவில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஆள் இல்லை. பக்கத்தில் நிற்கிறவர், அந்த நிமிடத்திலேயே.

அன்று பக்கத்தில் நின்றவன் நான். "சார், பந்து நகர்ந்துச்சு போல, பழைய இடத்துலயே வெச்சுடலாமா?" என்று கேட்டிருந்தால் போதும். அதில் குற்றச்சாட்டே இல்லை. தெரியாமல் பட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பார். தெரிந்தே தள்ளியிருந்தால், கௌரவமாகப் பின்வாங்க ஒரு வழி கிடைத்திருக்கும். வாயை மூடிக்கொண்டு அந்த வழியை அடைத்தது நான். அவரை மதிக்கிறேன் என்று நான் நினைத்தது, அவரை நல்லவராக இருக்க விடாமல் செய்தது. முதலாவதும் இரண்டாவதும் அன்று மோதவே இல்லை. நான் இரண்டையுமே கைவிட்டிருக்கிறேன்.

திரும்பி நடக்கும்போது கேடி அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன், "அண்ணே, நீங்க பாத்தீங்களா?"

"நான் பையப் பாத்துக்கிட்டு இருந்தேன் சார்."

பார்த்திருக்கிறார் என்று அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அந்தப் பதிலை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த ஆட்டத்தின் பழைய எழுத்து விதிகளை, மொத்தம் பதின்மூன்று, 1744இல் எடின்பரோ பக்கத்திலிருந்த லீத்தில் எழுதியவர்கள் தங்களைக் கனவான்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். அமெரிக்க ஓப்பனில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கிளப் கட்டடத்துக்குள் அனுமதிக்கப்பட்டதே 1920இல்தான். ஆடிப் பிழைக்கிறவனுக்கு உள்ளே இடமில்லை, பை தூக்குகிறவனைப் பற்றிப் பேச்சே இல்லை. உண்மை சொன்னால் நாளைக்கு வேலை போகாது என்கிறவர்களால்தான் இந்த நேர்மையை எளிதாகக் கடைப்பிடிக்க முடிந்தது. அண்ணன் பேசியிருந்தால் அவருக்கு அடுத்த வாரம் பை கிடைக்காமல் போயிருக்கலாம். நான் பேசியிருந்தால் ஒரு மாலை கொஞ்சம் கசந்திருக்கும், அவ்வளவுதான். அவருடைய மௌனத்தையும் என்னுடைய மௌனத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கிளப்பில் கார்டை ஒப்பிட்டோம். கையெழுத்துப் போட்டேன். அவருக்கு மூன்றாவது இடம், ஒரே ஸ்ட்ரோக் வித்தியாசத்தில். நான்காவதாக வந்தவன் ஒரு இளைஞன். அதே பதினான்காவதில் அவன் பந்து தொலைந்திருந்தது. விதிப்படி மூன்று நிமிடம் தேடினான், கிடைக்கவில்லை, ஒரு ஸ்ட்ரோக்கைச் சேர்த்துக்கொண்டு அடித்த இடத்துக்கே திரும்ப நடந்தான். பாக்கெட்டிலிருந்து இன்னொரு பந்தைப் புல்லில் நழுவவிட்டு "கெடச்சிருச்சு" என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பரிசு கொடுக்கும்போது அவனும் கை தட்டினான். நான் சங்கடப்படுத்தக்கூடாது என்று நினைத்தவரின் முகம் மட்டும்தான் அன்று எனக்குத் தெரிந்தது. என் கையெழுத்து இவனுக்கு எதிராகவும் போடப்பட்டது என்பது அந்தக் கைதட்டலில்தான் உறைத்தது. அப்போதாவது போட்டிக் குழுவிடம் போயிருக்கலாம். போகவில்லை.

போன மாதம் நண்பன் ஒருவனுக்கு மார்க்கராக இருந்தேன். புல்லில் அவன் பந்து அசைந்தது. "மச்சி, நகர்ந்துச்சுல்ல?" என்றேன். வார்த்தை அவ்வளவு சீக்கிரம் வந்தது எனக்கே ஆச்சரியம். முறைத்தான். பந்தைத் திரும்ப வைத்தான், ஒரு ஸ்ட்ரோக் சேர்த்துக்கொண்டான். இரண்டு ஹோல் வரைக்கும் என்னிடம் பேசவில்லை. மூன்றாவதில் "டீ ஒண்ணு குடுடா" என்று கையை நீட்டினான். கொடுத்தேன்.