சுருக்குப் பை

கண்டமங்கலத்தில் ஏறினால் அரியூருக்குள் எல்லை தாண்டிப் புதுச்சேரி வந்துவிடும். பின்னால் விட்ட திருபுவனையும் புதுச்சேரிதான். பஸ்ஸில் யாரும் கவனிப்பதில்லை.

எதிர் சீட்டில் ஆயா மடியில் மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளை. நாலு வயசிருக்கும். மேல்மலையனூர் வேண்டுதல் என்று நினைத்தேன். பார்த்தால் புருவமும் இல்லை. அப்புறம்தான் மஞ்சப்பையில் ஜிப்மர் ஆஸ்பத்திரி நோட்டு கண்ணில் பட்டது.

“கிட்னியில கட்டிம்மா. எனக்குப் பித்தப்பையை ஓட்டை போட்டுத்தான் எடுத்தாங்க. பத்து நாள்ல களையெடுக்கப் போயிட்டேன். இவனுக்கு மட்டும் ஏன் வயித்தைக் கிழிக்கணும்ங்கறாங்க?”

ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருஷம் கருவி எடுத்துக் கொடுத்தவள் நான். பதில் தெரியும். பஸ்ஸில் வாய் வரவில்லை.

வில்ம்ஸ் கட்டியாக இருக்கும். 1899-இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மன் டாக்டர் மாக்ஸ் வில்ம்ஸின் பெயர். பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிற புற்று. அதனாலேயே அதைக் கெடுத்துவிடுவோமோ என்று இத்தனை பயம். கட்டியின் மேல்தோல் மெல்லிசு. எடுக்கும்போது உடைந்து சிந்தினால் நோய் மூன்றாம் கட்டமாகக் கணக்காகும், வயிற்றுக்குக் கதிர்வீச்சும் சேரும். பித்தப்பையைப் பிதுக்கி இழுக்கலாம், இதை முடியாது. சில வாரம் கீமோ கொடுத்துக் கட்டி நன்றாகச் சுருங்கிய சிலருக்கு லேப்ராஸ்கோப்பி செய்வதுண்டு. அப்போதும் முழுக் கட்டியை உள்ளேயே ஒரு பையில் போட்டு, வாயைக் கட்டி, அடிவயிற்றில் கீறித்தான் வெளியே எடுக்க வேண்டும். பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். துளை வழி செய்கிறவர்கள் அதில் கை சுருக்குகிறார்கள் என்பது பழைய குறை.

என்ன கட்டி என்று அறிய ஒரு துணுக்கு எடுப்பது வேறு. பல கட்டிகளுக்கு 5 மில்லிமீட்டர் துளைகளே போதும். காயம் சீக்கிரம் ஆறும், கீமோ தள்ளிப்போகாது. எலும்புப் புற்று நுரையீரலுக்குப் போனால் மறுபடி கதை மாறும். கேமராவுக்குச் சிக்காத குருணையை விரல் நுனி கண்டுபிடிக்கும். அதனால் நெஞ்சைத் திறக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தழும்பு சின்னதா என்று கேட்பது நம் ஆசை. பிள்ளை கேட்பதில்லை.

கண்டக்டர் வந்தார். ஆயா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, கயிற்றைத் தளர்த்தி, காசெடுத்து, வாயை இறுக்கினாள். உள்ளே போகும் பையும் இதே மாதிரிதான்.

“ஆயா, கட்டி உடையாம முழுசா வரணும். அதுக்குத்தான்.”

பையைப் பார்த்தாள். பிறகு பிள்ளையிடம் கொடுத்தாள். வில்லியனூர் வரை அவன் கயிற்றை இழுப்பதும் விடுவதுமாக இருந்தான்.