படையும் அச்சமும்

வரலாற்றில் ஈடு இணையற்ற படை எது என்ற கேள்வி எழுந்துவிட்டால் அதுவரை பேசாமல் இருந்தவர்களுக்கும் பேச்சு வந்துவிடுகிறது. ஒருவர் ரோமானியப் படையணிகளைச் சொல்வார். இன்னொருவர் செங்கிஸ்கானின் குதிரைப்படை என்பார். அலெக்சாந்தரின் நீள் ஈட்டிகளுக்கும், ஒட்டோமான் ஜானிசரிகளுக்கும், கூர்க்காக்களுக்கும் வாதாட ஆள் இருக்கும். வென்ற போர்கள், கடந்த தொலைவு, எதிர்த்து நின்ற பகைவரின் தொகை என்று கணக்குகள் வந்து விழும். இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நாம் எல்லாரும் ஏதோ ஒன்றுக்கு அஞ்சித்தான் வாழ்கிறோம். அச்சம் அறியாத ஒரு கூட்டம் என்றோ, எங்கோ இருந்தது என்று கேட்கும்போது நமக்கு ஒரு தெம்பு பிறக்கிறது. அந்தத் தெம்பைத்தான் இந்த வாதங்களில் தேடுகிறோம்.

அச்சம் அறியாதவர்கள் என்று உலகம் போற்றியவர்களில் ஸ்பார்ட்டா வீரர்களை மிஞ்சியவர்கள் இல்லை. கி.மு. 480இல் தெர்மோபிலே கணவாயில் அரசன் லியோனிடாஸுடன் நின்று மடிந்த முந்நூறு பேரைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கடைசி நாளில் தெஸ்பியா என்ற சிற்றூரைச் சேர்ந்த எழுநூறு பேரும் விலகாமல் நின்று உயிர்விட்டார்கள் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. சொல்லப்படாத இன்னொரு கூட்டமும் அங்கே இருந்தது. போர் முடிந்த பிறகு பாரசீகப் பேரரசன் செர்க்ஸஸ் தன் கடற்படையினரை வரவழைத்துப் போர்க்களத்தைக் காட்டினான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அங்கே கிடந்த உடல்களில் ஹெலட்டுகளின் உடல்களும் இருந்தன. வந்து பார்த்தவர்களோ, கிடந்தவர்கள் அனைவரையும் ஸ்பார்ட்டாக்காரர்கள், தெஸ்பியாக்காரர்கள் என்றே எண்ணிக்கொண்டு திரும்பினார்கள்.

ஹெலட்டுகள் ஸ்பார்ட்டாவின் அடிமைக் குடிகள். அவர்களில் பெரும்பாலோர் பக்கத்து மெசேனியா நாட்டைச் சேர்ந்தவர்கள். ஸ்பார்ட்டாக்காரர்களைப் போலவே கிரேக்கர்கள், அதே தெய்வங்களைக் கும்பிட்டவர்கள். நிலத்தோடு சேர்த்துப் பிணைக்கப்பட்டு, தாங்கள் விளைவித்ததை எசமானருக்கு அளந்து கொடுத்து வந்தார்கள். ஸ்பார்ட்டாவின் குடிமகன் ஏழு வயதில் வீட்டை விட்டுப் பயிற்சிக்குப் போய், முதுமை வரை போருக்கென்றே வாழ முடிந்தது என்றால், அவன் வயிற்றுக்கு வேறு யாரோ ஏர் பிடித்தார்கள் என்பதே அதன் பொருள். தெர்மோபிலேக்கு அடுத்த ஆண்டு பிளாட்டியாவில் 5,000 ஸ்பார்ட்டா குடிமக்கள் அணிவகுத்தபோது, ஒவ்வொருவருக்கும் ஏழு பேர் வீதம் 35,000 ஹெலட்டுகளும் உடன் வந்தார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். வெற்றிக்குப் பின் மாண்டவர்களைப் புதைத்தபோது ஹெலட்டுகளுக்குத் தனிக்குழி வெட்டப்பட்டது.

இப்படி ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் வாழும் ஆளும் கூட்டம் எப்படி உறங்கும்? ஸ்பார்ட்டாவில் ஆண்டுதோறும் பதவியேற்கும் ஆட்சியாளர்கள், பதவியேற்றவுடன் ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவிப்பார்களாம். அப்படிச் செய்துவிட்டால் அவர்களைக் கொல்வது பாவமாகாது என்பது ஏற்பாடு. அரிஸ்டாட்டில் சொன்னதாக இதைப் புளூட்டார்க் பதிந்திருக்கிறார். தன் வயலில் உழுதுகொண்டிருக்கும் மனிதன் மீது ஆண்டுக்கு ஒருமுறை போர் தொடுக்கும் நாடு! அதன் படைப்பயிற்சி முழுவதும் எந்தத் திசையை நோக்கி இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

ஏதென்ஸோடு நடந்த நீண்ட போரில், கி.மு. 425இல் நடந்த ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஸ்பாக்டீரியா என்ற சிறு தீவில் 420 ஸ்பார்ட்டா தரப்பு வீரர்களை ஏதென்ஸ் கடற்படை சுற்றி வளைத்துவிட்டது. தீவில் உணவு இல்லை. உள்ளே உணவு கொண்டு சேர்ப்பவர்களுக்குப் பணமும், ஹெலட்டாக இருந்தால் விடுதலையும் தருவதாக ஸ்பார்ட்டா அறிவித்தது. காற்றடிக்கும் இரவுகளில் ஹெலட்டுகள் படகுகளைச் சிதறினாலும் சிதறட்டும் என்று கரையில் மோதவிட்டு இறங்கினார்கள். வேறு சிலர் தேனில் குழைத்த கசகசாவையும் இடித்த ஆளிவிதையையும் தோல்பைகளில் அடைத்து, கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு, நீருக்கடியில் மூச்சைப் பிடித்து நீந்தித் தீவை அடைந்தார்கள். வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் இதை எழுதும்போது நமக்கும் மூச்சு முட்டுகிறது. தெர்மோபிலேயின் வீரத்துக்கு இது எவ்விதத்தில் குறைந்தது? கடைசியில் பசி அல்ல, ஏதென்ஸின் தாக்குதலே தீவை வீழ்த்தியது. 292 பேர் உயிரோடு சரணடைந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 120 பேர் முழுக் குடியுரிமை பெற்ற ஸ்பார்ட்டாக்காரர்கள். அந்த நூற்றிருபது பேருக்காக, போரில் அசையாது என்று பெயரெடுத்த நாடு திரும்பத் திரும்பச் சமாதானத் தூது அனுப்பியது. ஆள்பலம் அவ்வளவு சுருங்கிப் போயிருந்தது.

அதே காலத்தை ஒட்டி துசிடிடிஸ் இன்னொன்றையும் சொல்கிறார். போரில் நாட்டுக்காகச் சிறப்பாக உழைத்தவர்கள் யார் என்று ஹெலட்டுகளே முன்வந்து சொல்லலாம், அவர்களுக்கு விடுதலை உண்டு என்று ஸ்பார்ட்டா அறிவித்தது. சுமார் 2,000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தலையில் மாலை சூடி, விடுதலை பெற்றவர்களாகக் கோயில் கோயிலாக வலம் வந்தார்கள். பிறகு அவர்களைக் காணவில்லை. ஒவ்வொருவனும் எப்படி முடிந்தான் என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. எவன் முதலில் வந்து தன் விடுதலையைக் கேட்கிறானோ அவனே எதிர்த்து நிற்கும் நெஞ்சுரம் உள்ளவன் என்பதுதான் ஸ்பார்ட்டா போட்ட கணக்கு. ஓர் அரசு தன் மண்ணின் வீரத்தை அடையாளம் கண்டு, அடையாளம் கண்ட காரணத்துக்காகவே அழித்த கதை இது. இதைப் படித்த பிறகு ஸ்பார்ட்டாவின் வீரத்தைப் பழைய மகிழ்ச்சியோடு என்னால் பேச முடியவில்லை.

ஸ்பார்ட்டாவுக்கு வேறு வழி தெரியாமல் இல்லை. அதே ஆண்டுகளில் பிராசிடாஸ் என்ற தளபதி எழுநூறு ஹெலட்டுகளுக்கு ஆயுதம் கொடுத்து வடக்கே அழைத்துப் போனான். அவர்கள் நன்றாகப் போரிட்டார்கள். பிறகு விடுதலையும் பெற்றார்கள். கண்ணெதிரே இருந்த அந்த வழியில் நாடு முழுமனதோடு நடக்கவில்லை. அச்சத்தால் கட்டப்பட்ட அமைப்பு, தன்னைக் காப்பாற்றக்கூடிய கையையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

கி.மு. 371இல் லியூக்ட்ரா களத்தில் தீப்ஸ் படை ஸ்பார்ட்டாவை முறியடித்தது. களத்திலிருந்த 700 ஸ்பார்ட்டா குடிமக்களில் 400 பேர் ஒரே நாளில் இறந்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் செனஃபன். பாரசீகப் போர்க்காலத்தில் அந்த நகரத்துக்குச் சுமார் 8,000 வீரர்கள் இருந்தார்கள் என்பதை நினைத்தால் சரிவின் ஆழம் புரியும். அடுத்த ஆண்டின் குளிர்காலத்தில் தீப்ஸின் தளபதி எபாமினோண்டாஸ் ஸ்பார்ட்டா நாட்டுக்குள்ளேயே புகுந்தான். மதில் கட்டாததைப் பெருமையாகக் கருதிய நகரம் அது. நெருக்கடியில், ஆயுதம் ஏந்தும் ஹெலட்டுகளுக்கு விடுதலை என்று மறுபடியும் அறிவித்தார்கள். பழைய கதையை அறிந்தும் 6,000க்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். அவர்கள் அணிவகுத்து நின்றதைக் கண்டு ஸ்பார்ட்டாக்காரர்கள் நடுங்கிப் போனார்களாம்; கூலிப்படையும் நட்பு நாடுகளின் உதவியும் வந்து சேர்ந்த பிறகே அந்த நடுக்கம் தணிந்தது. பகைவன் வாசலில் நிற்கிறான். காக்க வந்தவனைக் கண்டு அச்சம்! கி.மு. 369இல் எபாமினோண்டாஸ் மெசேனியாவை விடுவித்து, மெசேனே என்ற நகரத்தை எழுப்பினான். ஸ்பார்ட்டா பிறகு தலையெடுக்கவே இல்லை. ஒரே ஓர் அடியை அந்த நகரத்தால் தாங்க முடியவில்லை, ஆள் பற்றாக்குறையால் அழிந்தது என்று அரிஸ்டாட்டில் மதிப்பிட்டார். அவர் சொன்ன காரணங்கள் நிலவுடைமையைச் சார்ந்தவை. எனக்கு அதோடு ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது: ஆள் பற்றவில்லை என்று அழிந்த அந்த நாட்டில் ஆட்கள் நிறைந்துதான் இருந்தார்கள், அவர்களை ஆளாக எண்ணத்தான் யாருமில்லை.

ரோமாபுரிக்கும் இப்படி ஒரு சோதனை வந்தது. கி.மு. 216இல் கன்னே களத்தில் கார்த்தேஜின் ஹன்னிபால் ரோமானியப் படையை நொறுக்கியபோது, ஒரே நாளில் ஐம்பதாயிரம் பேர் அளவில் மாண்டார்கள். ஆட்கள் இல்லை. அப்போது ரோம் 8,000 அடிமைகளைப் பொதுப் பணத்தில் விலைக்கு வாங்கி, ஒவ்வொருவனிடமும் போரிடச் சம்மதமா என்று கேட்டுப் படையில் சேர்த்தது. இதைக் கருணை என்று சொல்லத் துணிய மாட்டேன். ஹன்னிபாலிடம் சிறைப்பட்ட தன் வீரர்களை இதைவிடக் குறைந்த செலவில் மீட்டிருக்கலாம். அதைச் செய்ய மறுத்த அரசு அது. பின்னாளில், கி.மு. 71இல், ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைகளின் கிளர்ச்சி அடங்கியபோது கபுவாவிலிருந்து ரோம் வரை சாலை நெடுக ஆறாயிரம் பேரைச் சிலுவையில் அறைந்ததும் அதே ரோம்தான். ஆனாலும் ‘சம்மதமா?’ என்ற அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து பெனவென்டம் அருகே அந்த அடிமைப் படை கார்த்தேஜ் தளபதி ஹன்னோவை எதிர்கொண்டது. பகைவனின் தலையைக் கொண்டு வருபவனுக்கு விடுதலை என்றான் அவர்களின் தளபதி கிராக்கஸ். விளைவு விபரீதமாயிற்று. ஒரு தலையை வெட்டியவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றான். வலக்கையில் வாள் இருக்க வேண்டிய இடத்தில் தலை இருந்தது. கிராக்கஸ் உடனே ஆணையை மாற்றினான்: தலைகளைக் கீழே போடுங்கள், பகைவர் முறியடிக்கப்பட்டால் எல்லாருக்கும் விடுதலை. அதன் பிறகே போர் திரும்பியது. தனித்தனியே சம்பாதிக்க வேண்டிய கூலியாக விடுதலை இருந்தவரை அவர்கள் படையாகவில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒன்றாக அது ஆன கணத்தில் படையானார்கள்.

சுமார் நாலாயிரம் பேர் களத்தில் முழுமூச்சாகப் போரிடாமல், தண்டனைக்கு அஞ்சி ஒரு குன்றில் ஒதுங்கிவிட்டார்கள். மறுநாள் அவர்களையும் அழைத்து வந்து, எல்லாரோடும் சேர்த்தே விடுதலை அளித்தான் கிராக்கஸ். அவர்களுக்கு ஒரே ஒரு தண்டனை: படையில் இருக்கும் வரை, நோய் வந்தாலொழிய, நின்றுகொண்டேதான் உண்ணவும் பருகவும் வேண்டும். அன்று பெனவென்டம் ஊரார் வீட்டு வாசல்களில் விருந்து வைத்தார்கள். விடுதலையின் அடையாளமான தொப்பியோ வெள்ளைக் கம்பளித் துணியோ தலையில் அணிந்து, சிலர் சாய்ந்தும் சிலர் நின்றும் உண்டார்கள். அந்தக் காட்சியை ஓவியமாகத் தீட்டி, ரோமில் தன் தந்தை எழுப்பிய விடுதலைத் தேவியின் கோயிலில் வைத்தான் கிராக்கஸ் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அந்த ரோமிலும் ஸ்பார்ட்டாவிலும் அடிமைகள் மாலையோ தொப்பியோ அணிந்து நின்றார்கள். அடுத்த நாள் விடிந்தபோது யார் உயிரோடிருந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

வள்ளுவர் பொருட்பாலில் படையைப் பற்றிப் பேச வருமுன் நாட்டையும் அரணையும் பொருளையும் பேசிவிடுகிறார். அந்த வரிசையில் ஆழ்ந்த நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. படை என்பது களத்தில் கண்ணுக்குத் தெரியும் உடல்களும் ஆயுதங்களும் மட்டுமாக இருந்தால், எது பெரிது என்ற வாதத்தை எண்ணிக்கையால் தீர்த்துவிடலாம். ஆனால் அந்த உடல்களுக்குச் சோறு போட்டது யார், அந்தச் சோற்றை விளைவித்தவனுக்கும் அந்த வாளுக்கும் இடையே இருந்த உறவு என்ன, வாள் உறைக்குத் திரும்பிய இரவில் அந்த வீட்டுக் கதவுகள் யாருக்கு அஞ்சித் தாழிடப்பட்டன என்று கேட்கத் தொடங்கும்போது, வலிமை என்று நாம் வியந்து நிற்பது ஒரு சமூகம் தன் மக்களில் எத்தனை பேரை நம்பத் துணிந்தது, எத்தனை பேரைக் கண்டு நடுங்கியது என்பதன் வெளித்தோற்றமே என்பதும், நடுக்கத்தின் மேல் எழுப்பிய வலிமை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு அந்த நடுக்கத்தையும் உள்ளே வளர்த்துக்கொண்டே போகிறது என்பதும், நம்பிக்கையோ கொடுக்கப்பட்ட கையில் வீரமாக விளைகிறது என்பதும் நமக்குப் புலப்படுகிறது. இது நாடுகளுக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ண வேண்டாம். அலுவலகத்தை, குடும்பத்தை, கட்சியை அச்சத்தால் கட்டி ஆள்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய ஒழுங்கைக் கண்டு நாமும் மயங்குவதுண்டு.

கி.மு. 212இல் கிராக்கஸ் பதுங்கித் தாக்கிய பகைவரால் கொல்லப்பட்டான். தளபதி இறந்ததும் அவன் விடுவித்த அந்த வீரர்கள் படையை விட்டுக் கலைந்து போனார்கள். சிறந்த படை எது என்று வாதாடுபவர்கள் இதை அந்தப் படையின் கணக்கில் பெரிய குறையாகவே எழுதுவார்கள்; போர்க்கலை நோக்கில் அது குறைதான். நான் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளைப் பார்க்கிறேன். விடுதலை கையில் கிடைத்த பிறகும் அவர்கள் அந்த மனிதனோடு களத்தில் இருந்தார்கள். என்னிடம் கேட்டால், அந்த எண்ணாயிரம் பேரின் பெயரையும் நம் பட்டியலில் சேர்க்கச் சொல்வேன். தோல்பையை இழுத்துக்கொண்டு நீருக்கடியில் நீந்தியவர்களுக்கு அவர்களுக்கும் மேலே ஓர் இடம் கேட்பேன்.