துடுப்பைக் கீழே வைப்பது தோல்வியா?

 



1998 ஜூன் மாதம் அமெரிக்காவின் வட கரோலினா கரையிலிருந்து டோரி மர்டன் என்ற பெண்மணி 23 அடிப் படகு ஒன்றில் புறப்பட்டார். மோட்டார் இல்லை, பாய் இல்லை, துணைக்கு ஆள் இல்லை. துடுப்பு வலித்தே அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து பிரான்ஸ் போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். ஏறத்தாழ மூன்று மாதம் வலித்தார். செப்டம்பரில் டேனியல் என்ற சூறாவளி வந்தது. படகு திரும்பத் திரும்பக் கவிழ்ந்து புரண்டது.

அவரிடம் ஆபத்துக்கால அழைப்புக் கருவி இருந்தது. இயக்கினால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குத் தகவல் போகும். அருகில் செல்லும் கப்பலை அவர்கள் அனுப்புவார்கள். ஆனால் புயலின் உச்சத்தில் அவர் அதை இயக்கவில்லை. ‘என்னைத் தேடி இந்தப் புயலுக்குள் இன்னொருவர் ஏன் வர வேண்டும்?’ என்று எண்ணினார். பிறகுதான் இயக்கினார். ஒரு சரக்குக் கப்பல் வந்து மீட்டது. பயணம் பாதியில் முடிந்தது.

இதில் நமக்கு இரண்டு கேள்விகள் உள்ளன. இலக்கை விட்டுத் திரும்புவது தவக்குலில் குறையா? நம் உயிருக்காகப் பிறரை ஆபத்துக்கு அழைக்கலாமா?

முதல் கேள்விக்கு வருவோம். உயிர் நம் சொத்து அல்ல, அல்லாஹ்வின் அமானிதம். பசியால் சாகும் நிலையில் உள்ளவர் தடுக்கப்பட்டதைக்கூட உண்டு உயிரைக் காத்துக்கொள்வது கடமை என்பதே ஃபிக்ஹு அறிஞர்கள் பெரும்பாலானோரின் கருத்து. அங்கே பிடிவாதம் வீரமாகாது.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் சென்றபோது ஸர்க் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். முன்னேறிச் செல்வது மட்டும் விதியல்ல, திரும்புவதும் விதிக்குள்தான்.

ஹிஜ்ரி 6-இல் உம்ராவுக்காக இஹ்ராம் அணிந்து புறப்பட்ட நபி (ஸல்) அவர்கள் ஹுதைபிய்யாவிலிருந்து கஅபாவைக் காணாமலே திரும்பினார்கள். ஸஹாபாக்களுக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. மறு வருடம் உம்ரா நிறைவேறியது. டோரி மர்டனும் மறு வருடம் கேனரித் தீவுகளிலிருந்து புறப்பட்டு, 81 நாளில், 1999 டிசம்பர் 3 அன்று குவாடலூப் தீவை அடைந்தார். அட்லாண்டிக்கைத் தனியாகத் துடுப்பு வலித்துக் கடந்த முதல் பெண் அவரே.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். பிறகு ஜெயித்ததால்தான் அன்று திரும்பியது சரி என்று எண்ணக் கூடாது. அவர் அதன்பின் கடலுக்கே போகாமல் இருந்திருந்தாலும் அன்று உதவி கேட்டது சரிதான்.

இரண்டாவது கேள்வி. தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த அடிப்படை. அந்தப் பெண்மணி தயங்கியதில் பிறர் உயிர் மீதான கவலை இருந்தது, அது மதிக்கத்தக்கது. ஆயினும் கடலில் தத்தளிப்பவரைக் காப்பது கப்பல் தலைவரின் கடமை என்று 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்கிறது. தன் கப்பலுக்கும் அதில் உள்ளவர்களுக்கும் பெரும் ஆபத்து இல்லாத அளவுக்கு என்ற வரம்பும் அதில் உண்டு. ஆகவே கேட்பது ஆபத்தில் இருப்பவரின் பொறுப்பு. வர முடியுமா என்று முடிவு செய்வது வருபவரின் பொறுப்பு. மீட்க வருபவரைப் பற்றிய கவலை முதலில் வர வேண்டிய இடம் கரை. இந்தப் பயணம் தேவைதானா, பருவம் ஏற்றதா, பெயருக்காகப் போகிறோமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சகோதரர்களே! நம்மில் பலர் தரையிலேயே மூழ்கிக்கொண்டிருக்கிறோம். தொழில் நொடித்துவிட்டது என்று தெரிந்தும், கௌரவம் பார்த்து, மனைவிக்கும் சொல்லாமல் வட்டிக்கு மேல் வட்டி வாங்குகிறோம். கடைசியில் உயிரையே மாய்த்துக்கொண்டார் என்ற செய்தியும் வருகிறது. அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறோம். கேட்டால் ஏளனம் செய்ய மாட்டோம் என்ற நம்பிக்கையை நாம் அவருக்குக் கொடுத்திருந்தோமா?

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளிகளையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். அது அவர்களின் உரிமை. மீட்புக் கப்பலை மார்க்கமே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. நீரில் மூழ்குபவரைக் காக்க ஃபர்ளான தொழுகையைக்கூட முறிக்க வேண்டும் என்று சொல்லும் மார்க்கம் இது. மூழ்குபவர் வாய் திறந்து கேட்கட்டும். கேட்டதும் ஜமாஅத்தார் ஓடட்டும். ‘அப்போதே சொன்னேனே’ என்ற பேச்சு அவர் கரையேறும் நேரத்தில் வேண்டாம்.

எல்லை அறிந்து நிற்கும் தெளிவையும், உதவி கேட்கும் துணிவையும், கேட்டவரைத் தாங்கும் ஈரத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.